சயாம் ரயிலில் கைதி மருத்துவர்களும் நம் ஊர்க்காரர்களும்

(தஞ்சாவூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் மருத்துவ மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் அறுவடை வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பையும் சேர்த்து உட்கார வைத்துப் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டென்றால் அது சயாம் மரண ரயில்தான்.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாக இருந்தது. அதனால் சயாம் என்கிற தாய்லாந்தின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை, காட்டையும் மலையையும் அறுத்துக்கொண்டு, சுமார் 415 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சந்தித்தன. சாதாரணமாகப் பல வருஷம் பிடிக்கும் வேலை. ஒன்றேகால் வருஷத்தில் முடித்தார்கள். எப்படி முடித்தார்கள் என்பதற்கு இரண்டு கணக்கு போதும்.

அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு சிப்பாய்கள், கொஞ்சம் அமெரிக்கர்கள். இவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம் பேர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்களில் பெரும்பான்மை தமிழர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேல் போனார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் எத்தனை? 80,000 என்கிறார்கள், 90,000 என்கிறார்கள், 1 லட்சம் என்பவர்களும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஐந்தில் இரண்டு பேருக்குக் குறையாது.

ஒரே மழை, ஒரே காடு, ஒரே அரிசி, ஒரே பிரம்படி. சாவு மட்டும் ஏன் இரண்டு மடங்கு? என் பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

அந்த மலாயாத் தமிழர்கள் யார் என்பதை இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தஞ்சை ஜில்லா மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய ஜில்லா. திருச்சியும் சேலமும் வட ஆர்க்காடும் பிறகு கூடவே சேர்ந்தன. பண்ணையாளாக இருந்து மிராசுதாரிடம் பட்ட கடனும், ஒரு பருவம் பொய்த்தால் வரும் பட்டினியும், ஊருக்கு வந்த கங்காணி காட்டிய ஆசையும் சேர்ந்து இவர்களைக் கப்பலேற்றின. 1938-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆளனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் அங்கே லயம் என்ற வரிசை வீடுகளில் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது.

போர் வந்து ரப்பருக்கு விலை இல்லாமல் போனதும் தோட்டங்கள் நின்றன. அரிசி கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் ஜப்பானியர் வந்து, மூன்று மாத வேலை, நாளுக்கு 1 வெள்ளி கூலி, சாப்பாடு உண்டு என்றார்கள். முதலில் போனவர்கள் விரும்பியே போனார்கள். அவர்கள் திரும்பி வராததைக் கண்டபின் யாரும் அசையவில்லை. அப்புறம் வளைத்துப் பிடித்தல்தான். இலவச சினிமா என்று கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து, லாரியில் ஏற்றிய கதை மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. சரக்கு வண்டியில் நாலைந்து நாள் பயணம். அங்கிருந்து காட்டுக்குள் நடை.

இனி மருத்துவர்களிடம் வருகிறேன்.

போர்க்கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்களும் கைதியானார்கள். ஆஸ்திரேலியர் எட்வர்ட் டன்லப், அதே நாட்டின் ஆல்பர்ட் கோட்ஸ், ப்ரூஸ் ஹன்ட், கனடாக்காரர் ஜேக்கப் மார்கோவிட்ஸ், டச்சு மருத்துவர் ஹென்ரி ஹெக்கிங் என்று ஒரு நீளப் பட்டியலே உண்டு. இவர்கள் கையில் மருந்து கிடையாது. கொஞ்சம் கொய்னா, கொஞ்சம் அயோடின், அவ்வளவுதான். ஆனால் இவர்கள் செய்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

மூங்கில் முள் கீறினால் போதும், பட்டினி உடம்பில் அது சில நாளில் எலும்பு வரை அழுகும். வெப்பமண்டலப் புண் என்று மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். கூர் தீட்டிய கரண்டியால், மயக்க மருந்து இல்லாமல், அழுகலைச் சுரண்டி எடுப்பதே தினசரி சிகிச்சை. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் காலை எடுக்க வேண்டும். பர்மாப் பக்கம் 55-ஆவது கிலோமீட்டர் முகாமில் கோட்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட கால்களை எடுத்தார். இறைச்சி வெட்டும் ரம்பம்தான் அவருடைய கருவி. வலி மரக்கச் செய்யும் மருந்தை முகாமிலேயே ஒரு டச்சு மருந்தாளர் தயாரித்துக் கொடுத்தார்.

சுங்காய் முகாமில் மார்கோவிட்ஸ் செய்தது இன்னும் விசேஷம். ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் சிட்ரேட் இல்லை. அவர் அடிப்படையில் உடலியங்கியல் ஆராய்ச்சிக்காரர். கொடையாளியின் ரத்தத்தை ஒரு பாத்திரத்தில் பிடித்து, மூங்கில் துடுப்பால் விடாமல் கலக்கச் செய்தார். நம் வீட்டில் தயிர் கடைந்தால் மத்தில் வெண்ணெய் ஒட்டுகிற மாதிரி, ரத்தத்தை உறைய வைக்கும் நார்ப்பொருள் அந்தத் துடுப்பில் திரண்டுவிடும். மிச்சமிருக்கும் ரத்தத்தைத் துணியில் வடிகட்டி நோயாளிக்கு ஏற்றினார். இந்த முறை மற்ற முகாம்களுக்கும் பரவியது. புத்தகத்தில் படித்த பழைய சங்கதி ஒன்றைக் காட்டில் வைத்துப் பிழைக்கச் செய்த படிப்பு அது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

காஞ்சனாபுரியில் பூன்போங் என்று ஒரு வியாபாரி. முகாம்களுக்குக் காய்கறி, முட்டை விற்கும் சாக்கில் கூடைக்கு அடியில் மருந்தும் பணமும் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். வாத்து முட்டை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? அதிகாரிக் கைதிகளுக்கு ஜப்பானியர் கொடுத்த சொற்பச் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பிடித்து நோயாளிகளுக்காகப் பொது நிதி போட்டார்கள். சில அதிகாரிகள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். மருத்துவர்கள் விடவில்லை.

வாந்திபேதிக்கு, அதாவது காலராவுக்கு வருவோம். 1943 மழைக்காலத்தில் அது பாதை நெடுக இறங்கியது. காவிரிக் கழிமுகத்துக்காரர்களுக்கு அந்த நோயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். சென்னை மாகாணத்தில் காலரா நிரந்தரமாகக் குடியிருந்த இடம் என்று அந்தக் காலச் சுகாதார அதிகாரிகள் நம் ஜில்லாவைத்தான் சுட்டிக்காட்டினார்கள். நோய் கண்டவன் உடம்பிலிருந்து ஒரு நாளில் 10 லிட்டருக்கு மேல்கூட நீர் போய்விடும். சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப்பேர் சாவார்கள். போகிற நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் நூற்றில் ஒருவர்கூடச் சாக வேண்டியதில்லை. முகாம் மருத்துவர்கள் ஆற்று நீரைத் திருட்டுக் குழாய்களால் கட்டிய வாலையில் காய்ச்சி வடித்து, உப்புக் கலந்து, மூங்கிலைச் சீவிச் செய்த ஊசி வழியாக ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். (வாய்வழியாகக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் மகிமை பிறகுதான் தெரிய வந்தது. 1971-ல் வங்க அகதி முகாமில் திலீப் மகாலனாபிஸ் அதை வைத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். அது தனியாக ஒரு மாலை பேச வேண்டிய கதை.)

ஆனால் ஊசியைவிடப் பெரிய மருந்து வேறொன்று. ப்ரூஸ் ஹன்ட் இருந்தது ‘எஃப் படை’ என்ற பிரிவில். 7,000 கைதிகள், பான் போங்கிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் ராத்திரி ராத்திரியாக நடத்தி மேல்முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். காலரா வந்த அன்றே அவர் ஆட்களைக் கூட்டி நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். கொதிக்காத தண்ணீர் உதட்டில் படக்கூடாது. சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்காமல் சோறு வாங்கக்கூடாது. கக்கூஸ் குழியில் ஈ அடையக்கூடாது. நோயாளிகளைத் தனிக் கொட்டகையில் பார்த்துக்கொள்ளத் தொண்டர்கள் முன்வந்தார்கள். நோயாளிகளை வேலைக்கு இழுக்க வந்த காவலர்களை மறித்ததற்காக ஹன்ட் அடிபட்டார். எஃப் படையில் ஆஸ்திரேலியரும் பிரிட்டிஷாரும் ஏறக்குறைய சமபாதி. முடிவில் ஆஸ்திரேலியரில் 10-க்கு 3 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷாரில் 10-க்கு 6 பேர். ஒரே படை, ஒரே பாதை. இந்த வித்தியாசத்துக்குப் பல காரணம் சொல்லலாம். பிரிட்டிஷ் பிரிவு பல படைகளிலிருந்து ஒட்டுப்போட்டுச் சேர்த்தது, ஏற்கெனவே நோயாளிகள் அதில் அதிகம். ஆனால் கட்டுக்கோப்பாக இருந்த முகாமில் சாவு குறைந்தது என்பதில் அந்த மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை இல்லை.

இப்போது தமிழர் முகாமை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் ஒரே லயத்தில் இருந்தவர்களை உடைத்து வேறு வேறு முகாமில் போட்டார்கள். கங்காணி செத்தால் அடுத்த ஆள் இல்லை. கூடவே பெண்களும் குழந்தைகளும். தண்ணீர் கொதிக்க வைக்க அண்டா கிடையாது, குழி வெட்ட ஆளை வேலையிலிருந்து விடமாட்டார்கள், ‘என் ஆட்கள் இன்று வர முடியாது’ என்று காவலனிடம் நின்று பேச ஒரு அதிகாரி கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் மருந்து கட்டிய தமிழ் டிரெஸர்கள் சிலரையும் கூட அனுப்பினார்கள். மருந்துப் பெட்டி காலியான டிரெஸர் என்ன செய்வார்? கைதிகள் பின்னால் எழுதிய நினைவுக் குறிப்புகள் பலவற்றில் ‘கூலிகளுக்குச் சுகாதாரம் தெரியாது’ என்று ஒரு வரி தவறாமல் வரும். எனக்கு அந்த வரியில் கோபம் உண்டு. குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையாத ஊர்க்காரர்கள் இவர்கள். ஒரு அண்டாவும் நாலு மண்வெட்டியும் குழி வெட்டுவதற்கு ஒரு நாள் அவகாசமும் கொடுத்திருந்தால், என்ன தெரியும் என்ன தெரியாது என்று அப்புறம் பேசியிருக்கலாம்.

நெல் விளையும் ஊரில் நின்று பேசுவதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முகாம்களில் காலை வீங்க வைத்து, இதயத்தைத் தளர வைத்துச் சாகடித்த இன்னொரு வியாதி பெரிபெரி. தவிடு நீக்கித் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்றால் வருவது. தையமின் என்ற உயிர்ச்சத்துக் குறைவு. இதன் முடிச்சு அவிழ்ந்ததில் மலாயாத் தமிழருக்குப் பங்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். வெள்ளை அரிசி சாப்பிடும் சீனத் தொழிலாளிகளுக்குப் பெரிபெரி வருகிறது, புழுங்கல் அரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு வருவதில்லை. பிறகு ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ஜாவாத் தொழிலாளர்களை வைத்துச் சோதனை செய்து 1909-ல் இதை நிரூபித்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியில் தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்ளும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் அவித்த நெல் எத்தனை உயிரைக் காத்தது என்று தெரியாமலேயே அவித்துக்கொண்டிருந்தார்கள். சயாம் காட்டில் வந்ததோ தீட்டிய, புழுத்த, சுண்ணாம்பு நாறும் வெள்ளை அரிசி. கைதி மருத்துவர்களுக்கு வைத்திய நூல் தெரியும். தவிடு எங்கே கிடைக்கும், பச்சைப்பயறு எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்து சேகரித்தார்கள். தமிழர் முகாமுக்கு அப்படித் தேடித்தர யாரும் இருக்கவில்லை.

இல்லை, முற்றிலும் இல்லை என்று சொல்லக்கூடாது. தொழிலாளர் முகாம்களில் பிணம் குவிந்து, வேலையே நின்றுவிடும் நிலை வந்தபோது ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்த கைதிகளிலிருந்து மருத்துவக் குழு கேட்டார்கள். 1943 ஜூனில் ‘கே படை’ கிளம்பியது: 30 மருத்துவ அதிகாரிகள், 200 சிப்பந்திகள். ஆகஸ்டில் ‘எல் படை’: 15 அதிகாரிகள், 100 பேர். இவர்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து ஆசியத் தொழிலாளர் முகாம்களில் விட்டார்கள். முன்னே பின்னே தமிழர் முகாமில் கால்வைக்காத வெள்ளைக்கார மருத்துவர்கள் பலர். நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வதும் அவர்களுக்குப் புரியாது. கைதிகளில் தோட்டத் துரைமார் சிலருக்கு மட்டும் தமிழ் தெரியும். மலாயாவில் துரை வேலைக்குத் தமிழ்ப் பரீட்சை தேற வேண்டியிருந்தது.

இந்தக் குழுக்களுக்கு நேர்ந்ததைப் பற்றி யாரும் பெரிதாகச் சினிமா எடுக்கவில்லை. மருத்துவர் என்ற மரியாதை அங்கே கிடையாது. பிணம் புதைக்கச் சொன்னார்கள், குழி வெட்டச் சொன்னார்கள், அடித்தார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்க்க அனுமதி கிடைக்காத நாட்களும் உண்டு. எத்தனை தமிழர்களை அவர்கள் பிழைக்க வைத்தார்கள் என்று கேட்டால், மொத்தச் சாவுக்கு முன்னால் அது சின்ன எண்ணாகத்தான் இருக்கும். 345 பேர், அதில் மருத்துவர்கள் 45 பேர், எதிரில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள், அதுவும் காலரா பரவிவிட்ட பிறகு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுப்பியவர்களின் நோக்கம் வைத்தியமல்ல, ரயில்.

இந்திய மருத்துவர்களே இப்படிக் கைதியாகி இருந்தார்களா என்று கேட்பீர்கள். ஒருவரைச் சொல்கிறேன். கல்கத்தாவைச் சேர்ந்த கேப்டன் கல்யாண் குமார் முகர்ஜி, இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். முதல் உலகப் போரில் இன்றைய ஈராக்கின் கூத் நகரில் முற்றுகைக்குள் மாட்டி, 1916 ஏப்ரலில் துருக்கியரிடம் கைதியானார். அவரைக் கொண்டுபோன ராஸ் அல் ஐன் முகாமும் ஒரு ரயில் பாதை முகாம்தான். பாக்தாத் ரயில் பாதைக்காகக் கைதிகளை வேலை வாங்கிய இடம். அங்கே சக கைதிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் 1917-ல் காய்ச்சலில் இறந்தார். போருக்குப் போன ராணுவ அதிகாரியாக இருந்தும், தேசபக்தி என்ற பெயரில் நாடுகள் செய்யும் கொலையைக் கடிதங்களில் காட்டமாக எழுதியவர். அந்தக் கடிதங்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் அவருடைய பாட்டி மோட்சதா தேவி. தள்ளாத வயதில் உட்கார்ந்து பேரனைப் பற்றி ‘கல்யாண் பிரதீப்’ என்ற புத்தகம் எழுதி 1928-ல் வெளியிட்டார்.

ஒரு பாட்டி எழுதியதால் ஒரு மருத்துவர் மறக்கப்படாமல் இருக்கிறார். சயாம் பாதைக் கைதிகள் விஷயத்தில் அதைச் செய்தவர்கள் மருத்துவர்களும் முகாம் எழுத்தர்களும். தினமும் யார் செத்தான், எந்த நோயில், எந்த இடத்தில் புதைத்தோம் என்று சிகரெட் தாளிலும் கிழிசல் நோட்டிலும் எழுதி ஒளித்து வைத்தார்கள். டன்லப்பின் நாட்குறிப்பும், ராபர்ட் ஹார்டி என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் நாட்குறிப்பும் அப்படித் தப்பியவை. காவலர் கண்ணில் பட்டால் கடும் தண்டனை. 1945-ல் போர் முடிந்ததும் கல்லறை தேடும் குழு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளையும் 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளையும் அடையாளம் கண்டது. இன்று காஞ்சனாபுரிக்குப் போனால் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வெட்டிய புல்தரை, ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது.

தமிழனுக்கு அங்கே ஆளுக்கு ஒரு கல் இல்லை, பெயர் இல்லை. 1990-ல் காஞ்சனாபுரிக்குப் பக்கத்தில் கரும்புத் தோட்டத்தில் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. மலேசியத் தமிழர்கள் இதை விட்டுவிடவில்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுதினார்; அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். காஞ்சனாபுரியில் ஒரு புத்த விகார வளாகத்தில் 2023-ல் நடுகல்லும் எழுப்பினார்கள். கப்பலேற்றி அனுப்பிய ஊர் நாம். நம் பக்கம் என்ன செய்தோம்?

அதனால் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கத்துக் கிராமங்களில், ‘மலாயாவுக்குப் போனார், அப்புறம் தகவலே இல்லை’ என்று யாரையாவது சொல்லும் வீடுகள் இருக்கும். 1942-க்கு முன் வந்த மணியார்டர் ரசீது, தோட்டத்தின் பெயர் போட்ட கடிதம், பழைய பாஸ்போர்ட், ஒரு போட்டோ எது இருந்தாலும் வீசிவிடாதீர்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், போன வருஷம், தோட்டத்தின் பெயர், இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். மாணவர்களே, நோயாளியிடம் வரலாறு கேட்டு எழுதுவது உங்களுக்குக் கற்றுத்தருகிற வேலை. விடுமுறையில் உங்கள் ஊர் வயதானவர்களிடம் போய் உட்கார்ந்து அதே மாதிரி கேட்டு எழுதி, நம் மாவட்ட நூலகத்தில் ஒரு நகல் கொடுங்கள். எண்பது வருஷம் ஆகிவிட்டது; கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில வருஷத்துக்குத்தான் இருப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பெயராவது கொண்டு வாருங்கள்.